கோடு ஒட்டாத ஆள்

"டீச்சர், என் ஆளை யாருமே எடுத்துக்க மாட்டேங்கறாங்க."

அருளப்பன் இப்படித்தான் வந்து நின்றார்.

அவர் சொன்னது ரத்தமும் சதையுமான ஆளை இல்லை. கணினித் திரையில் கட்டைவிரல் நகம் அளவு இருக்கிற ஒரு சின்னத்தை.

கோயம்புத்தூரில் அவர் வேலை பார்க்கும் கம்பெனி ஒரு மென்பொருள் செய்கிறது. ஓர் ஆஸ்பத்திரியோ பஸ் டிப்போவோ எப்படி நடக்கிறது என்று அதில் வரைந்து பார்க்கலாம். கட்டிலுக்கு ஒரு சின்னம், பஸ்ஸுக்கு ஒரு சின்னம், ஆளுக்கு ஒரு சின்னம். எடுத்து வைத்து நடுவில் கோடு இழுத்தால், எது எதோடு சேருகிறது என்று தெரிந்துவிடும். அந்தச் சின்னங்களை வரைவதுதான் அருளப்பனுக்கு வேலை.

டீச்சர் என்பது தாமரைச்செல்வி. அங்கே சின்னம் வரையக் கற்றுக்கொடுப்பவர் என்பதால் எல்லோருக்கும் டீச்சர். அருளப்பனைவிட வயதில் மிகவும் இளையவர். ஐம்பதைத் தாண்டிய அருளப்பன் அவரிடம் போய்ப் பாடம் கேட்கக் கூச்சப்படவில்லை. யாரிடம் மானம் போகப்போகிறது? வீட்டில் அவரும் நாலு சுவரும்தான்.

"எல்லாரும் வெறும் கட்டத்தைப் போட்டு, உள்ள 'ஆள்'னு எழுதிக்கறாங்க டீச்சர். சாயங்காலம் மீட்டிங்ல என் படத்தைத் தூக்கிடப் போறாங்களாம்."

"தூக்கட்டுமேண்ணா. கட்டில் இருக்குது, பஸ் இருக்குது. அதெல்லாமும் நீங்க வரைஞ்சதுதானுங்களே."

"அதெல்லாம் வேலைக்கு வரைஞ்சதுங்க. இது ஒண்ணுதான் மனசு வெச்சு வரைஞ்சது."

நகம் அளவு படத்தின் மேல் மனிதருக்கு அவ்வளவு ஆசை.

தாமரைச்செல்வி படத்தைக் காட்டச் சொல்லவில்லை.

"நேத்து உங்களுக்கு எப்படிப் போச்சுன்னு வரைஞ்சுட்டு வாங்க. உங்க சின்னங்களை மட்டும் வெச்சு."

அருளப்பன் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார். நடுவில் ஆளை வைத்தார். சுற்றிலும் அடுப்பு, பஸ், மேசை, கட்டில். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

பிறகு கோடு இழுத்தார். அடுப்பிலிருந்து பஸ்ஸுக்கு ஒட்டியது. பஸ்ஸிலிருந்து மேசைக்கு ஒட்டியது. மேசையிலிருந்து ஆளுக்கு இழுத்தால் மட்டும் நழுவியது. கட்டிலிலிருந்து இழுத்தார். அதுவும் நழுவியது.

இத்தனை நாளாக வரைந்தாரே தவிர, வரைந்ததை வைத்து ஒருநாளும் ஒன்றும் செய்து பார்த்ததில்லை.

எழுந்து டீச்சரிடம் திரும்பி வந்தார்.

"கோடு ஒட்டலைங்க."

"ஏன்?"

"கோடு ஒட்டறதுக்கு விளிம்புல புள்ளி வைக்கணும். மத்ததுக்கெல்லாம் வெச்சேன். இதுக்கு வெச்சா கொசு கடிச்ச மாதிரி இருந்துது. ஆளுக்கு எதுக்குன்னு விட்டுட்டேன்."

"யாரும் வந்து சொல்லலீங்களா?"

"என்கிட்ட யாருங்க பேசறாங்க?"

வாய் தவறி வந்துவிட்டது. அருளப்பன் தரையைப் பார்த்தார்.

தாமரைச்செல்வி அவரைத் தன் கணினிக்கு முன்னால் உட்கார வைத்தார். அந்த ஆளைத் திறந்து, திரை நிறையப் பெரிதாக்கினார். தோள், கை, நெஞ்சு எல்லாம் ஒரே வழுவழுப்பு.

"இப்ப வெச்சிடுங்க."

"எங்க வைக்கறதுன்னு தெரியலைங்க டீச்சர். நீங்களே சொல்லுங்க."

"இது யாரு?"

அருளப்பனுக்குச் சொல்லவே வெட்கமாக இருந்தது.

"நான்தானுங்க."

"அப்ப நீங்கதான் சொல்லணும். கடைசியா உங்களை யாருண்ணா தொட்டாங்க?"

இப்படி ஒரு கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. யோசித்தார். நேற்று இல்லை. போன வாரம் இல்லை. பஸ்ஸில் இடித்துக்கொண்டு போனவர்களைச் சேர்த்துக்கொள்ளலாமா என்றுகூடப் பார்த்தார். அதைச் சொல்ல மனம் வரவில்லை.

"முடி வெட்டறவருங்க. போன மாசம்."

"எங்க?"

அருளப்பன் பின்னங்கழுத்தில் கை வைத்துக் காட்டினார்.

"இங்க. கத்தி போடறதுக்காகக் குனிய வெச்சாரு. முடிஞ்சுதுன்னு சொன்னாரு. நான் கொஞ்ச நேரம் நிமிரவே இல்லீங்க."

தாமரைச்செல்வி சிரிக்கவில்லை. மௌஸை அவர் பக்கம் நகர்த்தினார்.

"முதல் புள்ளியை அங்க வைங்கண்ணா."