இரண்டு விரல் ஆழம்

சேத்துத்திட்டு என்பது ஏரிக்கு நடுவில் இருக்கிற ஊர். சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் அந்த ஊர்க்காரர்களின் அறிவு வெளியே போகவும் வழியில்லை, வெளியிலிருந்து உள்ளே வரவும் வழியில்லை. அவர்களுக்கு அது ஒரு குறையாகவும் தெரிந்ததில்லை.

அந்த ஊர் மாசிலாமணிக்கு அக்கரையில் பெண் அமைந்தது. பெயர் செண்பகம். பெண்ணின் அப்பா பரசுராமன் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்: "பத்தரைக்குள்ள மாப்பிள்ளை மணையில உட்கார்ந்திருக்கணும். தவறினா கல்யாணமே இல்ல." மாசிலாமணிக்குச் செண்பகத்தை மிகவும் பிடித்திருந்தது. தவறக் கூடாதே என்ற பயத்தில் கல்யாண வாரம் முழுக்க அவனுக்குச் சோறே இறங்கவில்லை.

துடுப்புப் படகுகள் ஊரில் நிறைய உண்டு. விடியற்காலையில் ஏறினால் எட்டு மணிக்கெல்லாம் அக்கரையில் இட்லி சாப்பிடலாம். ஆனால் அவனுடைய பெரியப்பா ஏகாம்பரம் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்தான் ஊரின் படகுச் சங்கத் தலைவர். "மாப்பிள்ளை துடுப்புப் போட்டுக்கிட்டா போவான்? ஊர் மானம் என்ன ஆவறது?" என்றார். அதனால் இரும்பு ட்ரம்களை இரண்டு வரிசையாகக் கட்டி, மேலே பலகை அடித்து, ஒரு மிதவைப் படகு செய்தார்கள். பின்பக்கம் மாட்ட டவுனிலிருந்து புது மோட்டாரும் வந்தது.

மோட்டார் விற்ற மெக்கானிக் பொறுமைசாலி. நிதானமாகச் சொல்லிக் கொடுத்தார். "உயரம்தாங்க முக்கியம். ரொம்ப மேல மாட்டினா விசிறி காத்தைத்தான் கடையும். ரொம்ப கீழ மாட்டினா படகு நகராது. விசிறிக்கு மேல ஒரு தகடு இருக்கு பாருங்க, அது தண்ணிக்குக் கீழ ரெண்டு விரல் இருக்கணும். எல்லாரும் ஏறி உட்கார்ந்தப்புறம் அளந்து முடுக்குங்க. முடுக்கினப்புறம் எடையை மாத்தாதீங்க."

எல்லோரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். மெக்கானிக்கும் நிம்மதியாக ஊர் போய்ச் சேர்ந்தார். பாவம், அவருக்கு என்ன தெரியும்!

கல்யாணத்தன்று காலை மாசிலாமணி பட்டு வேட்டி, மாலை, தலைப்பாகை சகிதம் படகில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தான். சங்கத்து ஆட்கள் சுற்றி நின்றார்கள். அளக்க வேண்டும் என்றதும் முதல் கேள்வி எழுந்தது. யாருடைய விரல்?

"தலைவர் விரல்தான் மரியாதை," என்றான் ஒருவன்.

"கல்யாணம் மாசிக்கு. அவன் விரல்தான் முறை," என்றான் இன்னொருவன்.

கடைசியில் இருவருக்கும் பொதுவாகக் கலியன் என்பவனின் விரலை வைப்பது என்று முடிவானது. கலியன் பின்பக்கம் குப்புறப் படுத்து, தகட்டுக்கு மேலே தண்ணீரில் இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தான். "நாலு விரல் போவுது! ரொம்ப ஆழம்!" என்று சொல்லிக் கையை எடுக்கப் போனான்.

"எடுக்காதடா!" என்று ஏகாம்பரம் பதறினார். "ரெண்டு விரல் இருக்கணும்னுதானே சொன்னாரு? நீ எடுத்துட்டா எப்படி இருக்கும்?"

கலியன் அப்படியே கிடந்தான். மீன் குஞ்சுகள் வந்து விரலைக் கொத்தின. அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஊருக்காகப் பொறுத்துக்கொண்டான்.

மோட்டாரைக் கொஞ்சம் தூக்கி முடுக்க வேண்டும். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவன் ஊரிலேயே மாசிலாமணி ஒருவன்தான். முன்பு டவுனில் ஒரு சைக்கிள் கடையில் வேலை பார்த்திருக்கிறான். மாலையைக் கழற்றி வைத்துவிட்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினான். அவன் இறங்கியதும் படகு லேசாக மேலே வந்தது.

"இப்ப ரெண்டு விரல்தான்!" என்று கலியன் கத்தினான். "சரியா இருக்கு!"

சரியாக இருப்பதை முடுக்குவானேன் என்று மாசிலாமணி ஏறி உட்கார்ந்தான். "நாலு விரல்!" என்றான் கலியன். இறங்கினான். "ரெண்டு!" ஏறினான். "நாலு!" இப்படியே ஏறி ஏறி இறங்கியதில் பட்டு வேட்டி பாய்மரத் துணி மாதிரி ஆகிவிட்டது. அக்கரையிலிருந்து நாதஸ்வரச் சத்தம் கேட்டது. மாசிலாமணிக்கு அழுகையே வந்துவிட்டது.

"பெரியப்பா, நேரம் ஆவுது. ஏதாவது செய்யுங்க!"

ஏகாம்பரம் கண்ணை மூடி யோசித்தார். "நீ மேல உட்கார்ந்தபடியே கீழ இறங்கி முடுக்கு."

மாசிலாமணி அதையும் முயன்று பார்த்தான். முடியவில்லை.

அப்போதுதான் கலியன், கிடந்த கிடையிலேயே, ஒரு யோசனை சொன்னான். "மாசி எடைக்கு ஒரு கல்லை நாற்காலியில வச்சுட்டா அவன் இறங்கி முடுக்கலாமே?"

எல்லோரும் அசந்துபோனார்கள். ஊர் விருந்துக்கு வந்திருந்த சமையல்காரரிடமிருந்து ஆட்டுக்கல்லை உருட்டி வந்தார்கள். பனந்தடியின் மேல் பலகையைக் குறுக்கே போட்டு, ஒரு பக்கம் மாசிலாமணியையும் மறுபக்கம் கல்லையும் ஏற்றினார்கள். குழவியையும் சேர்த்து வைத்ததும் இரண்டு பக்கமும் சமமாக நின்றது. கல்லை நாற்காலியில் வைத்தார்கள். மாலையும் தலைப்பாகையும் நனையக் கூடாது என்று அதற்கே போட்டுவிட்டார்கள். பார்வைக்கு அம்சமாகத்தான் இருந்தது.

மாசிலாமணி தண்ணீரில் இறங்கி, மோட்டாரைத் தூக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு முடுக்கினான். "ரெண்டு விரல்! கச்சிதம்!" என்றான் கலியன். கரையில் இருந்தவர்கள் விசிலடித்தார்கள். தன் வாழ்நாளில் ஒரு வேலை இவ்வளவு சுத்தமாக முடிந்ததை மாசிலாமணி பார்த்ததே இல்லை. பெருமையோடு படகில் கால் வைத்தான்.

"நாலு விரல்!"

எல்லோரும் நாற்காலியில் இருந்த கல்லைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"கல்லை இறக்கிட்டு மாசியை ஏத்தலாமே," என்று யாரோ முணுமுணுத்தார். அந்தக் கும்பலில் அப்படிப் பேசியவர் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. தெரிந்திருந்தால் ஊரை விட்டே தள்ளி வைத்திருப்பார்கள்.

ஏகாம்பரம் சீறினார். "முடுக்கினப்புறம் எடையை மாத்தாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாரே! முடுக்கும்போது நாற்காலியில இருந்தது யாரு?"

எல்லோரும் மாசிலாமணியைப் பார்த்தார்கள். அவனே தீர்ப்புச் சொன்னான். "கல்லுதான் பெரியப்பா இருந்துச்சு. கல்லுதான் போவணும். நான் இறங்கிக்கறேன். நீங்க நேரத்துக்குப் போய்ச் சேருங்க."

அவன் இறங்கினான். மோட்டார் ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. கலியன் இரண்டு விரலைத் தண்ணீரில் வைத்தபடியே கிடக்க, படகு வழுக்கிக்கொண்டு போனது. மாசிலாமணி இடுப்பளவு நீரில் நின்று அந்த அழகைப் பார்த்துப் பூரித்தான். சற்று நேரத்தில் அக்கரையில் கெட்டிமேளம் கேட்டது. கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மணி பத்தேகால். கல்யாணம் நேரத்துக்கு நடந்துவிட்டது என்று நெஞ்சு நிறைந்து, கிழக்குப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான்.

உச்சி வெயிலுக்குள் படகு திரும்பி வந்தது. ஏகாம்பரம் தூரத்திலிருந்தே கையை ஆட்டினார்.

"டேய் மாசி, பொண்ணுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சுடா! நடந்ததை எல்லாம் ஒண்ணு விடாம சொன்னோம். கேட்டுட்டு, கல்லைக் காட்டி 'இதுக்குப் பேச வருமா'ன்னா. வராதுன்னோம். 'அப்ப இதுவே இருக்கட்டும்'னு கழுத்தை நீட்டிட்டா!"

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டாளா?"

"கேட்கலையே. ஆனா அவங்கப்பாதான் உன்னை நேர்ல பார்த்தே ஆகணும்னு ஒத்தக் கால்ல நின்னாரு. கல்லு அங்கேயே தங்கிடுச்சில்ல, அந்த எடைக்கு அவரையே ஏத்திக்கிட்டோம்."

நாற்காலியில் பரசுராமன் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துடுப்பு. கண் இரண்டும் சிவந்திருந்தன. படகு கரை தட்டியதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, துடுப்பை ஓங்கியபடி எழுந்தார்.

மாசிலாமணி ஓடவில்லை. ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு அவரை நோக்கித்தான் பாய்ந்து வந்தான்.

"மாமா, மாமா, உட்காருங்க! நீங்க இறங்கினா உயரம் மாறிடும்!"