ஊர்க்காரி என்று சொன்ன தாய்

கல்வராயன் மலையில் சடைச்சி என்றொருத்தி இருந்தாள். புருஷன் காய்ச்சலில் போனபின் சாமை விதைத்து, ஒரே மகள் பவுனுவை வளர்த்தாள். ஒருநாள் தனசீலன் என்பவர் ஜீப்பில் வந்தார். கடற்கரையோரம் தாம் நடத்தும் இல்லத்தில் பிள்ளைகளைச் சேர்த்துப் படிக்க வைப்பதாகச் சொன்னார். சடைச்சிக்கு எழுத்து தெரியாது. மகளுக்காவது தெரியட்டும் என்று அனுப்பி வைத்தாள்.

இல்லத்தில் பவுனு முதலில் கற்றது எழுத்தை அல்ல. நன்கொடை கொடுப்பவர்களின் வேன் வந்து நின்றால் ஓடிப்போய் வந்தவர்களைக் கட்டிக்கொள்ள வேண்டும். அம்மா எங்கே என்று கேட்டால், செத்துப்போச்சு என்று சொல்ல வேண்டும். ஒரு பிள்ளை மாற்றிச் சொன்ன அன்று எல்லாப் பிள்ளைகளையும் பட்டினி போட்டார்கள். வந்தவர்கள் ஆசையாய்ப் போட்டுவிட்ட புதுச் செருப்புகளை, வேன் திரும்பியதும் கழற்றி எடுத்துக்கொண்டார்கள். வெறுங்காலைப் பார்த்தால்தானே அடுத்து வருகிறவர்களின் மனம் இளகும்?

சிங்கப்பூரிலிருந்து மங்கையர்க்கரசி என்ற அம்மையார் ஒவ்வொரு டிசம்பரிலும் வருவார். பவுனுவைத் தம் மகளாகவே நினைத்தார். மடியில் வைத்து ஊட்டுவார், தலைவாரி விடுவார். விடுமுறை முடிந்ததும் அழுதுகொண்டே விமானம் ஏறுவார். அதன்பின் பல நாள் பவுனு வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அப்படியொரு டிசம்பரில் சடைச்சி மகளைப் பார்க்க வந்தாள். தனசீலன் அவளை வாசலிலேயே நிறுத்தினார்.

"உள்ள விருந்தாளிங்க இருக்காங்க. நீ தாயின்னு தெரிஞ்சா பிள்ளைக்கு இங்க இடமில்ல. படிப்பு அதோட போச்சு. ஊர்க்காரின்னு சொல்லிக்க."

சடைச்சி உள்ளே போனபோது பவுனு மங்கையர்க்கரசியின் மடியில் இருந்தாள்.

"யாரும்மா நீங்க?" என்று அவர் கேட்டார்.

"ஊர்க்காரிங்க. புள்ளைய ஒரு எட்டுப் பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன்."

மங்கையர்க்கரசி குனிந்து, "இவங்களைத் தெரியுமா கண்ணு?" என்றார்.

பவுனு மற்றப் பிள்ளைகளைப் பார்த்தாள். இன்னும் யாரும் சாப்பிட்டிருக்கவில்லை.

"தெரியாது," என்றாள்.

சடைச்சி திரும்பி நடந்தாள். மகள் தன்னை மறந்துவிட்டாள் என்று நினைத்தாள். தாய்க்கு வேண்டாதவள் ஆகிவிட்டோம் என்று மகள் நினைத்தாள். மங்கையர்க்கரசி பிள்ளையை இறுக்கிக்கொண்டு, "பாவம், இதுக்குன்னு யாருமே இல்ல," என்று கண்ணைத் துடைத்தார்.

சில ஆண்டுகள் கழித்து அதிகாரிகள் வந்து இல்லத்தை மூடினார்கள். பெற்றவர்களைத் தேடிப் பிடித்துப் பிள்ளைகளை ஒப்படைத்தார்கள். மலைக்குப் போகும் பேருந்தில் பவுனு வெகுநேரம் சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, அன்பாய் வருகிறவர்கள் எல்லாரும் ஒருநாள் போய்விடுவார்கள் என்றே பழகியவள், சடைச்சியிடம் மெல்லக் கேட்டாள்:

"ஆன்ட்டி, நீங்க எப்ப உங்க ஊருக்குப் போவீங்க?"

தனசீலன் குற்றவாளி. அதில் புதிர் எதுவுமில்லை, அவரை விட்டுவிடுங்கள். தாய் பொய் சொன்னாள், மகளும் பொய் சொன்னாள். மங்கையர்க்கரசி ஒரு பொய்யும் சொல்லவில்லை. இந்த மூவரில், பவுனுவுக்குத் தாய் இல்லாமற்போனது யாரால்?

விடை: பொய் சொல்லாதவரால். தாய் மகளின் படிப்புக்காகத் தன்னையே மறுத்தாள். மகள் மற்றப் பிள்ளைகளின் சோற்றுக்காகத் தாயை மறுத்தாள். அங்கே எதற்கும் பயப்படாமல் இன்னொரு கேள்வி கேட்டிருக்கக்கூடியவர் மங்கையர்க்கரசி ஒருவர்தான். கேட்டிருந்தால் பவுனுவுக்குத் தாய் கிடைத்திருப்பாள், அவருக்கு மகள் இல்லாமற்போயிருப்பாள். அவர் அன்பு பொய்யில்லை. ஆனால் அந்த அன்புக்கு ஓர் அநாதை வேண்டியிருந்தது. தனசீலன் உண்டாக்கிக் கொடுத்தார்.