மந்திரி வாசலில் நின்ற தேர்

முன்னொரு காலத்தில், தேர் வைத்திருப்பவன்தான் மனுஷன் என்று ஒரு ராஜ்ஜியமே நம்பிக்கொண்டிருந்தது. மந்திரி விருத்தகிரிக்கு ஒரு தேர், அவர் மனைவிக்கு ஒரு தேர், வேலைவெட்டி இல்லாத மைத்துனருக்கும் ஒரு தேர். ராஜவீதி மட்டும் பழைய அகலத்திலேயே இருந்தது. அதன் ஓரமாக, நடப்பவர்களும் தலைச்சுமைக்காரர்களும் போவதற்கென்று கல் பதித்த சின்னப் பாதை ஒன்று உண்டு.

ஒருநாள் ராஜா செண்பக பூபதியின் தேர் நடுவீதியில் மாட்டிக்கொண்டது. அரண்மனை வந்து சேர்வதற்குள் சோறு ஆறிப்போய்விட்டது. ராஜாவுக்கு வந்ததே கோபம்!

"பிரபு, ராஜவீதியில் இருக்கும் என் வீட்டு மாடத்திலிருந்து பார்த்தேன். வீதி நிரம்பி வழிகிறது. ஓரப்பாதையோ காலியாகக் கிடக்கிறது. அதை எடுத்துத் தேர்களுக்குக் கொடுத்தால் நெரிசல் தீர்ந்துவிடும்" என்றார் மந்திரி.

விகடகவி ஆண்டியப்பன் எழுந்தான். "மன்னிக்க வேண்டும் பிரபு. அந்தப் பாதையில் யாரும் நிற்பதில்லை, போய்க்கொண்டே இருக்கிறார்கள். அதனால்தான் காலியாகத் தெரிகிறது."

அரண்மனைக்கு மோர் கொண்டுவந்த பொம்மி ஓடிவந்து காலில் விழுந்தாள். "சாமி, அதுவும் போச்சுன்னா பானையோட தேர்ச்சக்கரத்துக்கு நடுவுலயா நான் நடப்பேன்? எம் பொழப்பே போயிடுமே!"

ஆண்டியப்பன் வாயைத் திறந்தாலே மந்திரிக்கு வயிறு எரியும். அவனை ஒழித்துக்கட்ட இதுதான் சமயம் என்று நினைத்தார்.

"அப்படியானால் விகடகவியே இந்த வேலையைச் செய்யட்டும், பிரபு. ராஜவீதியில் காலியாகக் கிடக்கும் இடம் எதுவானாலும், நாளை உச்சிப்பொழுதுக்குள் அதில் தேர் நிற்க வேண்டும். தவறினால் இவனை நாடு கடத்துங்கள்."

பசி மயக்கத்தில் இருந்த ராஜா தலையாட்டிவிட்டார்.

மறுநாள் காலை மந்திரி சபைக்குக் கிளம்பிக் கதவைத் திறந்தார். வாசலை அடைத்துக்கொண்டு அவருடைய தேரே நின்றது. பின்வாசலுக்கு ஓடினார். அங்கே மனைவியின் தேர். மாடிக்கு ஏறி, "ஐயோ, அநியாயம்!" என்று வீதியே அதிரக் கத்தினார்.

ராஜாவுக்குச் செய்தி போயிற்று. புறப்பட்ட அவருடைய தேர் நாலு அடி நகர்ந்து நின்றுவிட்டது. வேறு வழியில்லாமல் இறங்கி, மோர்ப்பானையோடு போன பொம்மியின் பின்னால் ஓரப்பாதையிலேயே நடந்து வந்து சேர்ந்தார்.

"ஆண்டியப்பா, இது என்ன கூத்து?"

"ஆணைப்படிதான் பிரபு. முதலில் ஓரப்பாதைக்குத்தான் தேரைக் கொண்டுபோனேன். மாடத்திலிருந்து எப்படியோ, கீழே நின்று பார்த்தால் அது காலியாகவே இல்லை. ஒருவர் காலெடுத்தால் இன்னொருவர் கால் வைக்கிறார். மந்திரியார் வாசல்தான் விடிந்ததிலிருந்து காலி. இவ்வளவு பெரிய இடம் வீணாகலாமா?"

மாடியில் மந்திரி கொதித்தார். "அட மடையா! வாசல் காலியாக இருந்தால்தானே மனிதர் போய்வர முடியும்!"

"அதத்தான சாமி நான் நேத்துச் சொன்னேன்!" என்றாள் பொம்மி.

மந்திரி நாக்கைக் கடித்துக்கொண்டார். ராஜாவோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஓரப்பாதையில் இனி யாரும் கைவைக்கக் கூடாது என்று அங்கேயே உத்தரவு போட்டார். மந்திரியை ஏணி வைத்து இறக்கினார்கள்.

ஆண்டியப்பனுக்கு முத்துமாலையும் புதுத் தேரும் பரிசு என்றார் ராஜா. அவன் மாலையை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டான். தேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். சோறு ஆறுவதற்குள் அவனுக்கு வீடு போய்ச் சேர வேண்டியிருந்தது.