மேட்டுக்கு அந்தப் பக்கம்

முதல் நாள் வருகிற எல்லோரும் கேட்கிற கேள்வியைத்தான் ஈஸ்வரமூர்த்தியும் கேட்டார்.

"நான் எப்பங்க ரேஸ் ஓட்டலாம்?"

மண்தடத்தில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் டெல்ஃபினா. அவர் ஈஸ்வரமூர்த்தி கொண்டுவந்திருந்த வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார். விளக்கையும் கண்ணாடியையும் கழற்றிவிட்டு, மண்ணைக் கவ்வுகிற முரட்டு டயர் மாட்டிய பழைய பைக். அதன் கைப்பிடியைப் பிடித்து மெதுவாகச் சாய்த்துச் செம்மண்ணில் படுக்க வைத்தார்.

"தூக்குங்கண்ணா."

ஈஸ்வரமூர்த்தி தூக்கி நிறுத்தினார். டெல்ஃபினா மறுபடியும் படுக்க வைத்தார்.

"தூக்குங்க."

அன்று காலை முழுக்க அதுதான் பாடம். மதியம் வீட்டுக்குப் போனபோது அவரால் சட்டைப் பொத்தானைக்கூடக் கழற்ற முடியவில்லை. விரல்கள் மடங்க மறுத்தன. ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றார்.

அவருக்கு முப்பத்தெட்டு வயது. கோழித் தீவனக் கம்பெனியில் விற்பனை வேலை. பல்லடத்தைச் சுற்றியிருக்கிற பண்ணைகளுக்கெல்லாம் பைக்கிலேயே போய்வருகிறவர். சாலையில் தனக்கு முன்னால் ஒரு வண்டி போவதைப் பொறுக்க முடியாத சுபாவம் சின்ன வயதிலிருந்தே உண்டு. டெல்ஃபினாவுக்கு அவரைவிட ஒன்பது வயது குறைவு. கருமத்தம்பட்டிக்காரர். மண்தடப் பந்தயங்களில் பல வருடம் ஓட்டி ஜெயித்துவிட்டு, இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். காற்றாலைகளுக்கு நடுவே வெகுநாளாக எதுவும் விதைக்காத ஒரு காட்டை வாடகைக்கு எடுத்து, மேடும் பள்ளமும் வளைவுமாகத் தடம் போட்டிருந்தார். அவர் எல்லோரையும் அண்ணா, அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவர்கள் அவரை மாஸ்டர் என்றார்கள்.

ஈஸ்வரமூர்த்தியோடு சேர்ந்தவர் ஹக்கீம். சூலூரில் லேத் பட்டறையில் வேலை. இருவரும் ஒரே குட்டியானை வேனில் வண்டிகளை ஏற்றிக்கொண்டு வருவார்கள். ஹக்கீம் அவசரப்பட மாட்டார். மாஸ்டர் ஒன்று சொன்னால் அதை நாள் முழுக்கச் செய்துகொண்டிருப்பார். ஈஸ்வரமூர்த்தி அடுத்தது என்ன என்று கேட்பார். திரும்பி வரும்போது வழியில் ஏதாவது கடையில் நிறுத்தி, முட்டை பரோட்டா தின்றபடி யார் எந்த வளைவில் எப்படி ஓட்டினார்கள் என்று பேசித் தீர்ப்பார்கள். இரண்டு பேருக்கும் இத்தனை வயதுக்குப் பிறகு கிடைத்த நட்பு அது.

நின்றபடி ஓட்டினார்கள். முட்டி மடக்கி மேட்டில் ஏறினார்கள். விழுந்தார்கள். எழுந்தார்கள். கொடிகளைப் பற்றி மாஸ்டர் ஒரே ஒரு முறைதான் சொன்னார்.

"மஞ்சள் கொடி ஆடுச்சுன்னா முன்னாடி ஆபத்துன்னு அர்த்தம். வேகத்தைக் குறைக்கணும். மேட்டுல தாவக் கூடாது. யாரையும் முந்தக் கூடாது."

"எவ்வளவு குறைக்கணுமுங்க?" என்று ஈஸ்வரமூர்த்தி கேட்டார்.

"உங்க சொந்தக்காரங்க அங்க விழுந்து கிடந்தா எவ்வளவு குறைப்பீங்களோ, அவ்வளவு."

மழைக்காலம் முடிந்ததும் அவர்கள் கலந்துகொள்ளும் முதல் பந்தயம் வந்தது. உடுமலைப் பக்கத்தில் ஒரு கிளப் நடத்தியது. புதியவர்களுக்கான பிரிவில் இருவரும் பேர் கொடுத்திருந்தார்கள். கிளம்புவதற்கு முன்னால் ஹக்கீம் ஈஸ்வரமூர்த்தியின் மார்புக் கவசத்தின் வாரை இழுத்துக் கட்டிவிட்டார்.

"பார்த்துப் போங்க" என்றார்.

"நீங்க என்னைப் பின்னாடி இருந்து பாருங்க" என்று சிரித்தார் ஈஸ்வரமூர்த்தி.

நடந்தது வேறு. கிளம்பின வேகத்தில் ஹக்கீம் முன்னால் போய்விட்டார். ஈஸ்வரமூர்த்தி புழுதிக்குள் மாட்டிக்கொண்டு, ஒவ்வொருவராகத் தாண்டி முன்னேறினார். கடைசிச் சுற்றில் அவருக்கு முன்னால் ஏழாம் நம்பர் மட்டும்தான் தெரிந்தார். அவருக்கும் முன்னால் ஹக்கீம். தடத்தின் நடுவில் ஆள் உயர மேடு ஒன்று இருந்தது. ஏறும்வரை அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று தெரியாது.

மேட்டை நெருங்கியபோது ஏழாம் நம்பர் திடீரென்று தளர்ந்தார். வேகம் இறங்கியது.

பயந்துவிட்டான் என்று நினைத்தார் ஈஸ்வரமூர்த்தி. இதைவிட்டால் வேறு சமயம் கிடைக்காது. முழுக்க முறுக்கினார். ஏழாம் நம்பரைத் தாண்டி, மேட்டின் உச்சியிலிருந்து அந்தரத்தில் எழும்பினார். அப்படி அவர் அதுவரை தாவியதில்லை. உடம்பு முழுக்கச் சந்தோஷம் பாய்ந்தது.

அப்போதுதான் கீழே பார்த்தார். ஹக்கீம் மண்ணில் கிடந்தார். எழுவதற்காக வலது கையை ஊன்றியிருந்தார்.

காற்றில் இருக்கிற வண்டிக்கு பிரேக் கிடையாது.

*

ஹக்கீமின் மணிக்கட்டு நொறுங்கிவிட்டது என்றார்கள் டாக்டர்கள். தகடு வைத்தார்கள். அசைவு எவ்வளவு திரும்பும் என்பதை இப்போது சொல்ல முடியாது என்றார்கள். பந்தயம் நடத்தியவர்கள் ஈஸ்வரமூர்த்தியை நீக்கினார்கள். அதை அவர் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஹக்கீம் விழித்துத்தான் இருந்தார்.

"கொடி ஆட்டினாங்களா?" என்று கேட்டார்.

"ஆட்டினாங்களாம்."

"நீங்க பார்க்கலியா?"

"இல்லீங்க."

ஹக்கீம் வெகுநேரம் அவர் முகத்தையே பார்த்தார். அது பொய்யாக இருந்தால் கோபப்படவாவது முடியும் என்று நினைக்கிறவர் பார்ப்பதுபோல இருந்தது. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஈஸ்வரமூர்த்தி அதற்குப் பிறகும் போனார். ஹக்கீம் வீடு திரும்பிய பின்னும் போனார். இளநீர் வாங்கிக்கொண்டு போவார். ஒருநாள் ஹக்கீம் சொன்னார்: "வராதீங்கன்னு சொல்ல மாட்டேன். ஆனா நான் பேசுவேன்னு எதிர்பார்க்காதீங்க. லேத்துல ஒரு நூல் அளவு பிசகினா அந்த உருப்படி குப்பைக்குப் போயிரும். இந்தக் கையை வச்சுட்டு நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியல."

ஈஸ்வரமூர்த்தி எழுந்தார். இளநீரை வைத்துவிட்டு வந்தார்.

வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தார். பண்ணைகளுக்குப் போகும்போது முன்னால் லாரி போனால் அதன் பின்னாலேயே போனார். ஹாரன் அடிக்கவில்லை. தூக்கத்தில் பல தடவை அந்த மேட்டில் ஏறினார். ஒவ்வொரு தடவையும் கொடியைத் தேடினார். கனவிலும் அது தென்படவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாஸ்டரிடம் போனார். அவரிடம் இரவலாக வாங்கியிருந்த கழுத்துப் பட்டையையும் மார்புக் கவசத்தையும் துடைத்து எடுத்துப்போயிருந்தார்.

"இது எனக்கு இனி வேண்டாமுங்க மாஸ்டர்."

டெல்ஃபினா வாங்கித் தடத்தோரக் கொட்டகைக்குள் வைத்தார்.   ஈஸ்வரமூர்த்தி கிளம்பாமல் நின்றார்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. போர்வை அகலத்துக்கு மஞ்சள் துணி. வெட்டவெளி. நல்ல வெயில். அது எப்படி என் கண்ணுல படாம போச்சு?"

"அப்ப எது பட்டுச்சு?"

"ஏழாம் நம்பர்."

"என்ன பார்த்தீங்க?"

"எல்லாம் பார்த்தேனுங்க. அவரோட பின் சக்கரம் இடது பக்கம் வழுக்குச்சு. முழங்கையைத் தூக்கிட்டு ஓட்டினாரு. மேட்டுக்கிட்ட வந்ததும் தோள் இறங்குச்சு. கை தளர்ந்துச்சு. இப்பக் கேட்டாலும் அப்படியே சொல்வேன்."

"நல்லாத்தான் பார்த்திருக்கீங்க" என்றார் டெல்ஃபினா.

ஈஸ்வரமூர்த்தி தலைகுனிந்தார். டெல்ஃபினா உள்ளே போய்த் திரும்பி வந்தார். அவர் கையில் குச்சியில் சுற்றிய மஞ்சள் கொடி இருந்தது.

"வர்ற பந்தயத்துக்குக் கொடி பிடிக்க ஆள் பத்தலை. வந்துருங்க."

"நானுங்களா?"

டெல்ஃபினா அதற்குள் தடத்துக்குப் போய்விட்டார்.

*

அதே தடம். அதே மேடு. உச்சிக்குப் பக்கவாட்டில், இரண்டு பக்கமும் தெரிகிற இடத்தில் அவரை நிறுத்தினார்கள். கீழே, தாவி இறங்குகிற பக்கம் உதவிக்கு இன்னொருவர் நின்றார். பந்தய அதிகாரி வந்து வேலையைச் சொன்னார்.

"யாராச்சும் விழுந்தா கொடியை ஆட்டுங்க. கொடியை மதிக்காம யாராச்சும் தாவினா நம்பரைக் குறிச்சுக்குங்க. அவங்களை நீக்கிருவோம். என்ன ஆனாலும் தடத்துக்குள்ள இறங்காதீங்க. அவ்வளவுதான்."

காலையிலிருந்து நின்றார். வண்டிகள் ஒரு பக்கம் ஏறி, தலைக்கு மேலே பறந்து, மறு பக்கம் இறங்கின. மண் கட்டிகள் முகத்தில் அடித்தன. இத்தனை பேர் அவரைக் கடந்து போனார்கள். ஒருவர்கூட அவர் பக்கம் திரும்பவில்லை. திரும்ப வேண்டிய தேவையும் இல்லை. ஆனாலும் அவருக்கு அது என்னவோபோல் இருந்தது. அன்றைக்குத் தன்னைப் பார்த்துக் கொடி ஆட்டியவர் யார், ஆணா பெண்ணா என்றுகூடத் தனக்குத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. அவரும் இதே இடத்தில்தான் நின்றிருப்பார். கத்தியிருப்பார்.

பிற்பகலில் புதியவர்களுக்கான பிரிவு. இரண்டாவது சுற்றில் ஒருவர் கோணலாகத் தாவினார். முன்சக்கரம் குத்தி நின்றது. அவர் தூக்கி எறியப்பட்டார்; வண்டி அவர் காலின் மேல் விழுந்தது. உதவிக்கு நின்றவர் ஓடிப்போய் வண்டியை இழுத்தார். கால் வரவில்லை.

ஈஸ்வரமூர்த்தி கொடியை ஆட்டினார். இரண்டு கையாலும் பிடித்து, தோள் கழன்றுவிடுகிற மாதிரி ஆட்டினார். "மெதுவா! மெதுவா!" என்று கத்தினார். எஞ்சின் சத்தத்தில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

முதலில் வந்தவர் பார்த்தார். வேகத்தைக் குறைத்து, மேட்டில் தாவாமல் ஊர்ந்து இறங்கி விலகிப் போனார். அடுத்தவரும் பார்த்தார். அதற்கு அடுத்தவரும் பார்த்தார்.

அவர்களுக்குப் பின்னால் ஒருவர் வந்தார். எஞ்சின் சத்தம் இறங்கவில்லை. ஏறிக்கொண்டே வந்தது. ஈஸ்வரமூர்த்தி அவருக்கு நேராகக் கொடியை நீட்டினார். மூக்குக்கண்ணாடி மாதிரி அணிகிற அந்தப் புழுதிக் கண்ணாடிக்குள் இரண்டு கண்கள் தெரிந்தன. அவை அவர்மேல் பட்டன. பட்டுவிட்டுத் தாண்டிப் போயின.

வண்டி பறந்தது. கிடந்தவரின் தலைக்கவசத்துக்கு ஒரு முழம் தள்ளி இறங்கி, மண்ணை வாரி அடித்துவிட்டுப் போயிற்று.

அதற்குப் பிறகு தான் செய்ததை ஈஸ்வரமூர்த்தி யோசித்துச் செய்யவில்லை. சரிவில் சறுக்கி இறங்கினார். கிடந்தவருக்கும் மேட்டுக்கும் நடுவே போய், கொடியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.  மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து சத்தங்கள் வந்தன. அடுத்து எது தலைக்கு மேலே எழும்பப் போகிறதென்று தெரியாமல் நிற்பது எப்படி இருக்கும் என்பதை அவர் அதுவரை அறிந்ததில்லை. சிவப்புக் கொடி காட்டிப் பந்தயத்தை நிறுத்தும்வரை அப்படியே நின்றார்.

கிடந்தவரைத் தூக்கிப் போனார்கள். பந்தய அதிகாரி வேகமாக வந்தார்.

"யாருங்க உங்களை உள்ள இறங்கச் சொன்னது? இன்னொருத்தன் தாவியிருந்தா உங்களையும் சேர்த்துல்ல அள்ளியிருக்கணும்!"

"தப்புதானுங்க."

"சரி, தாவினவன் நம்பரைச் சொல்லுங்க."

ஈஸ்வரமூர்த்தி தடத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"நம்பர்?"

"பார்க்கலீங்க."

"பக்கத்துலதானே போனான்?"

"ஆமாங்க."

"வண்டி என்ன நிறம்? சட்டை?"

"தெரியலீங்க."

அதிகாரி தலையில் அடித்துக்கொண்டார். கொடியைப் பிடுங்கி வேறொருவரிடம் கொடுத்தார். "மாஸ்டர், நீங்க அனுப்பின ஆளு லட்சணத்தைப் பார்த்தீங்களா?" என்று சத்தம் போட்டபடி போய்விட்டார்.

டெல்ஃபினா தடுப்புக் கயிற்றின் அருகே நின்றிருந்தார். ஈஸ்வரமூர்த்தி அவரிடம் நடந்து போனார். முகத்தில் புழுதி அப்பியிருந்தது. கண்ணுக்குக் கீழே மட்டும் இரண்டு கோடுகள் ஈரமாக இருந்தன.

"நீங்க கொடுத்த வேலையையும் நான் சரியாச் செய்யல மாஸ்டர்."

"விழுந்தவரு எப்படி இருக்காரு?"

"எலும்பு முறியலீங்க. சைலன்சர் பட்டுக் கெண்டைக்கால்ல தோல் உரிஞ்சிருக்கு. மயக்கம் இல்லை. ஆனா பயந்துட்டாரு. இடது கை விரலை ஒண்ணொண்ணா மடக்கி மடக்கிப் பார்த்துட்டே இருந்தாரு. ஏதோ சொல்லிட்டே இருந்தாரு, அந்தச் சத்தத்துல கேட்கல. குனிஞ்சு கேட்டேன். வண்டி வருதா, வண்டி வருதான்னு அதையேதான் கேட்டுட்டு இருந்தாரு. நான் நிக்கிறேன், வராதுன்னு சொன்னேன். அப்புறம் என் பேன்ட்டைப் பிடிச்சுக்கிட்டாரு. விடவே இல்லை."

அவர் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தாவிப் போனவரைப் பார்த்திருக்கணும்" என்றார் பிறகு. "நம்பரையாவது பார்த்திருக்கணும். கண்ணு அந்தப் பக்கம் போகவே இல்லீங்க."

டெல்ஃபினா கயிற்றைத் தூக்கிப் பிடித்தார், அவர் குனிந்து இந்தப் பக்கம் வருவதற்காக.

"நல்லாத்தான் பார்த்திருக்கீங்க. வர்ற ஞாயித்துக்கிழமை வண்டியை எடுத்துட்டு வாங்கண்ணா."