செம்புத் துளிர்

அநியாயம் நடந்தது கோசலைக்கு. செய்தவர் அவளுடைய குரு.

அவள் வளர்த்த ரோஜாச் செடியை, அவள் இல்லாத நாளில், சித்திரை வெயிலில், அருள்நம்பி சாமி முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டார். செடிதானே என்று வாயெடுக்கிறவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

கரூருக்குத் தெற்கே அமராவதிக் கரையில் இருந்தது அந்த ஆசிரமம். சாமிக்கு நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும். சீடர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். கோசலை அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தாள். அவள் அங்கே வந்து சேர்ந்தபோது கையில் ஈரத்துணி சுற்றிய ஒரு கிளை இருந்தது. புதுச்சேரியில் வாடகை வீட்டு மொட்டை மாடியில் அவள் மகள் மேகலா வளர்த்த செடியின் கிளை. மேகலா காய்ச்சலில் போய்விட்டாள். மருமகன் வீட்டைக் காலி செய்த அன்று தொட்டி படிக்கட்டில் உருண்டு நொறுங்கியது. ஒடிந்து கிடந்ததில் ஒன்றை எடுத்துக்கொண்டு கோசலை பஸ் ஏறினாள்.

பழைய காலத்து டீ ரோஜா அது. வெளிர் மஞ்சள். முகர்ந்தால் அப்போதுதான் பிரித்த தேயிலைப் பொட்டலத்தின் வாசம். கழுத்து மெலிந்த பூ என்பதால் மலர்ந்ததும் தலை தொங்கிவிடும். முகம் பார்க்க வேண்டுமென்றால் நாம்தான் குனிய வேண்டும்.

சாமிதான் ஒரு காட்டு ரோஜாவின் தண்டைக் கீறி, அந்தக் கிளையிலிருந்து துளிர்விடும் கண் ஒன்றைப் பட்டையோடு பெயர்த்து உள்ளே வைத்துக் கட்டினார். சில வாரங்களில் செம்பு நிறத்தில் துளிர் வந்தது.

"இந்த நிறந்தாம்மா அடையாளம்," என்றார். "பச்சையா எது கிளம்பினாலும் அது அடியில இருக்கிற காட்டுச் செடி. கிள்ளிப் போட்டுடுங்க."

இன்னொன்றும் சொன்னார். "நம்ம ஊர்ச் சூட்டுல இது தூங்கவே தூங்காது. வருஷம் பூரா பூக்கும். உசிரெல்லாம் பழைய கட்டையிலதான் வச்சிருக்கும். சந்தை ரோஜா மாதிரி நினைச்சு ஒட்ட வெட்டினா, அதோட கதை முடிஞ்சுது."

சொன்னவர் அவர். வெட்டினவரும் அவர்.

மகளுக்குத் திதி கொடுக்கக் கோசலை புதுச்சேரி போயிருந்தாள். அன்றைக்குப் பார்த்து மில் முதலாளி தணிகாசலம் ஆசிரமத்துக்கு வந்தார். தியான மண்டபம் கட்டித் தருகிறேன், தருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருப்பவர். செடியைப் பார்த்துச் சிரித்தாராம். "என்ன சாமி, உங்க ரோஜா எல்லாம் திருடி மாட்டிக்கிட்ட மாதிரி தலையைத் தொங்கப் போட்டிருக்கு? ஒரு செண்டு கட்டக்கூட ஆகாது போலிருக்கே."

சாமி கத்தரியை எடுத்தார். பூ செண்டில் நிற்க வேண்டுமென்றால் காம்பு நீளமாக வேண்டும். காம்பு நீளமாக வேண்டுமென்றால் பழைய கட்டை வரைக்கும் போக வேண்டும். போனார்.

திரும்பி வந்த கோசலை அந்தச் செண்டை ஆசிரம வாசலுக்கு வெளியே புழுதியில் பார்த்தாள். முதலாளியின் காரில் ஏறும் முன்பே பூவெல்லாம் தலை தொங்கியிருக்கும். யாரோ ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அள்ளிக்கொண்டு வந்து காம்புகளை ஈர மணலில் நட்டாள். ஒன்றொன்றாகக் கறுத்தன. இதற்கு முன் அவள் போட்ட பதியன்களும் ஒரு கோடையைத் தாண்டியதில்லை. செடியில் மிச்சமிருந்த கட்டைகள் வெயிலில் வெந்து, மேலிருந்து கீழாகக் காய்ந்துகொண்டே வந்தன.

"துளிர்த்துடும்மா," என்றான் சமையற்கட்டைப் பார்த்துக்கொள்ளும் சபாபதி. "இப்பப் போயிட்டாலும் திரும்ப வந்துடும், பாருங்க."

மேகலா போனபோதும் இதையேதான் சொன்னார்கள். அதே வீட்டில் வந்து பிறப்பாள், பாரேன் என்றார்கள். வருவாள், வரும். துக்கம் கேட்க வந்த ஒருவருக்காவது வேறு சொல் கிடைக்கவில்லை.

மறுநாள் பூசை முடிந்ததும் கோசலை எல்லோர் முன்னாலும் எழுந்து நின்றாள்.

"சாமி, ஏன் வெட்டினீங்க?"

சாமி எழுந்தார். உள்ளே போய் அதே கத்தரியை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தார். அவள் முன்னால் மண்டியிட்டுத் தலையைக் குனிந்தார். துறவு பூண்ட நாளிலிருந்து வளர்த்த சடை தரையைத் தொட்டது.

"வெட்டுங்கம்மா," என்றார்.

சீடர்கள் ஐயோ என்றார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

கோசலை கத்தரியை அவர் பாயின் மேல் வைத்தாள்.

"இது முளைச்சுடும் சாமி," என்றாள்.

அடுத்த முறை கேட்டபோது சாமி கதை சொன்னார்.

"ஒரு காட்டுல ஒரு மாமரம். ஒரு நாள் பேய்க்காத்து அடிச்சு, கிளையெல்லாம் முறிஞ்சுபோச்சு. மரம் காத்தைப் பார்த்து, ஏன் இப்படிச் செஞ்சேன்னு கேட்டுச்சு. காத்து சொல்லிச்சு..."

"காத்து கத்தரி வச்சிருந்துச்சா சாமி?"

சபாபதி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான்.

"கதைம்மா இது."

"கதைன்னா வெட்டினவன்னு ஒரு ஆள் வேணுமில்ல? உங்க கதையில ஆளையே காணோம். காத்து மேல பழியைப் போட்டுட்டு நீங்க கிளம்பிட்டீங்க."

காற்று என்ன சொன்னது என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாமல் போயிற்று.

மூன்றாவது முறை சாமியே பேச்சை எடுத்தார்.

"இந்த உடம்பே நமக்குச் சொந்தமில்ல. ஒரு செடி எப்படிம்மா சொந்தமாகும்?"

"ஆகாது சாமி."

"பெத்த மகளே நமக்குச் சொந்தமில்ல."

கோசலை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பிறகு, "ஆமா. இல்ல," என்றாள்.

"அப்புறம் எதுக்கு இந்தத் துக்கம்?"

"எனக்குச் சொந்தமில்லாதது உங்களுக்கு மட்டும் எப்படிச் சாமி சொந்தமாச்சு? வெட்டி எடுத்து ஒருத்தருக்குக் கொடுத்தீங்களே, அது எந்த உரிமையில?"

சாமி கண்ணை மூடிக்கொண்டார். பதில் இல்லாத நேரத்தில் கண்ணை மூடிக்கொள்ள அவருக்கு ஒரு வசதி இருந்தது. அதைத் தியானம் என்று எடுத்துக்கொண்டு எல்லோரும் எழுந்து போனார்கள்.

அதன் பிறகு ஆசிரமத்தில் கோசலையோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பந்தியில் அவள் பக்கத்து இலை காலியாகவே கிடந்தது.

"ஒரு செடிக்காகக் குருவை நிக்க வச்சுக் கேள்வி கேக்குறீங்க," என்றான் சபாபதி, ரசத்தை ஊற்றிக்கொண்டே. "பிடிக்கலைன்னா ஊருக்குப் போயிட வேண்டியதுதானே?"

"பதில் வாங்காம எப்படிப் போறது?"

"மூணு பதில் சொல்லிட்டாரே!"

"மூணும் என் கேள்விக்கு இல்லப்பா."

ஆடி போனது, ஆவணி போனது. கட்டை அடிவரைக்கும் கறுத்தது. கோசலை தினமும் தண்ணீர் ஊற்றினாள். கேட்பதை மட்டும் விட்டுவிட்டாள். சொல்லித் தீராத அசதி ஒன்று அவள்மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. இந்த உலகத்தில் வெட்டுகிறவர்கள் வெட்டுவார்கள், பிறகு அதற்கு ஒரு தத்துவமும் சொல்வார்கள், நாம் கேட்டுக்கொண்டு சாப்பிட்டுக் கை கழுவ வேண்டும் என்பதாக அவளுக்குப் பட்டது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் சபாபதி தோட்டத்திலிருந்து கத்தினான்.

"துளிர்த்துடுச்சு! அம்மா, ஓடி வாங்க! சாமி கை பட்ட செடி, துளிர்த்துடுச்சு!"

கோசலை ஓடினாள். அந்த வயதில், அந்தச் சேற்றில், செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாள்.

செத்த கட்டையின் அடியிலிருந்து விரல் தடிமனில் ஒரு தளிர் கிளம்பியிருந்தது. உடம்பெல்லாம் பொடி முள். இலை பச்சைப் பசேலென்று இருந்தது.

செம்பு நிறம் எங்கேயும் இல்லை.

அவள் நிமிர்ந்தாள். எதிரே சாமி நின்றார். அவரும் பார்த்துவிட்டார். இருவர் கண்ணும் ஒரு கணம் சந்தித்தன. அவர்தான் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதற்குள் சுற்றி நின்றவர்கள் கும்பிட ஆரம்பித்திருந்தார்கள். சபாபதி தணிகாசலத்துக்குப் போன் போட்டுவிட்டான். முதலாளி மாலையும் கற்பூரமுமாக வந்து இறங்கினார். செடிக்குப் பக்கத்தில் ஒரு குச்சியை ஊன்றி, மாலையைத் தன் கையாலேயே அதில் போட்டார்.

"செத்தது பிழைச்ச இடம்," என்றார். "மண்டபத்தை இங்கேயே கட்டிடலாம் சாமி. தை பிறந்ததும் வேலையை ஆரம்பிச்சுடலாம். என்ன சொல்றீங்க?"

சாமி தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. மழைத் தண்ணீர் அவர் சடையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

கோசலை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"சாமி, இது என் மக செடிதானா?"

"அம்மா, நல்ல நாளும் அதுவுமா..." என்று சபாபதி அவள் கையைப் பிடித்தான். அவள் உதறினாள்.

"நான் சாமியைக் கேக்குறேன்."

சாமி சேற்றில் உட்கார்ந்தார். குச்சியில் தொங்கிய மாலையைக் கழற்றித் தரையில் வைத்தார். கற்பூரத் தட்டைத் தள்ளி வைத்தார். பச்சைத் தளிரை விரலால் தொட்டார். முள் குத்தியிருக்க வேண்டும், கையை எடுக்கவில்லை.

"இல்ல," என்றார். "இது அடியில இருந்த காட்டு ரோஜா. அம்மாவோட மக செடியைத்தான் இதுமேல ஒட்டுக்கட்டியிருந்தேன். அது செத்துப்போச்சு. நான்தான் வெட்டினேன்."

கும்பிட்ட கைகள் கீழே இறங்கின.

"நீங்க ஏன் சாமி வெட்டப் போறீங்க?" என்றார் தணிகாசலம்.

"உங்களுக்குத்தான். செண்டு கட்டிக் கொடுத்தேனே."

"எனக்கா?" தணிகாசலம் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். "எப்போ?"

சாமி அவரைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு கோசலையின் பக்கம் திரும்பினார்.

"பெரிய மனுஷர் சிரிச்சுட்டார்மா. எனக்கு வெக்கமாப் போச்சு. கட்டை வரைக்கும் கத்தரி போகுதுன்னு தெரியும். தெரிஞ்சுதான் வெட்டினேன்."

கோசலை அவர் முன்னால் மெல்ல உட்கார்ந்தாள். கேட்கப்போவதற்குப் பதில் அவளுக்கே தெரியும். இருந்தாலும் ஒரு வாயிலிருந்தாவது அது வரவேண்டியிருந்தது.

"திரும்ப வருமா சாமி?"

"வராதும்மா," என்றார் அவர்.