சிவப்புக் கட்டைகள்

“கோமளாவோட கட்டைகளை எதுக்கு மாஸ்டர் முன்னால தள்ளி வச்சீங்க?” என்று கேட்டார் திருவேங்கடம்.

மலைச்சரிவில் இருந்த கோல்ஃப் மைதானம் அது. முதல் அடியை எங்கிருந்து அடிப்பது என்று காட்ட, புல்லில் இரண்டிரண்டாக மரக்கட்டைகள் வைத்திருப்பார்கள். பலம் உள்ளவர்களுக்கு வெள்ளை, குழியிலிருந்து வெகு தூரத்தில். மற்றவர்களுக்குச் சிவப்பு, அதைவிடக் கிட்டத்தில்.

பயிற்சி தரும் யூஜின் மாஸ்டர் திருவேங்கடத்தைவிட வயதில் சின்னவர். அதிகம் பேசமாட்டார்.

“அம்மாவுக்குக் கை நடுங்குது சார்.”

“என் பெண்டாட்டியைப் பத்தி எனக்குத் தெரியாதா? வெள்ளையில நின்னு என்னையே தோற்கடிச்சவ அவ. அங்கேயே நின்னு அடிச்சாத்தான் பழைய பலம் திரும்பும்.”

“டாக்டர் சொன்னாரா?”

திருவேங்கடம் குனிந்து தன் பந்தைப் புல்லில் வைத்தார். டாக்டர் சொன்னது வேறு. இந்த நடுக்கம் கூடிக்கொண்டுதான் போகும் என்றார் அவர். கோமளாவும் அப்போது பக்கத்தில்தான் இருந்தாள். வீட்டுக்கு வந்தபின் இருவரும் அதைப் பேசவே இல்லை.

“சரி சார். வெள்ளையிலேயே ஆடட்டும்.”

திருவேங்கடம் அடித்தார். பந்து சரிவைத் தாண்டிப் போய் விழுந்தது.

கோமளா அடித்தாள். பந்து புல்லில் கொஞ்சம் உருண்டு நின்றது. மறுபடி அடித்தாள். இன்னும் கொஞ்சம் உருண்டது.

திருவேங்கடம் தன் பந்துக்குப் போய்க் காத்து நின்றார். மாஸ்டரும் கூடவே வந்து நின்றார்.

“அம்மா எங்க சார்?”

“பின்னால வந்துக்கிட்டிருக்கா.”

“முகம் எப்படி இருக்கு?”

திருவேங்கடம் திரும்பிப் பார்த்தார். கீழே ஒரு நீலப் புடவை நின்றிருந்தது. ஒரு கையை இன்னொரு கை பிடித்திருந்தது.

“இவ்வளவு தூரத்துல தெரியல மாஸ்டர்.”

கோமளா வந்து சேரும்வரை இருவரும் அப்படியே நின்றார்கள்.

அடுத்த குழிக்கு அடிக்கும் இடத்துக்கு வந்ததும் மாஸ்டர் சிவப்புக் கட்டைகளைப் பெயர்த்து எடுத்துத் திருவேங்கடத்தின் கையில் கொடுத்தார்.

“நீங்களே வையுங்க சார்.”

திருவேங்கடம் நடந்தார். ஓரிடத்தில் குனிந்தார்.

“இன்னும் கொஞ்சம் முன்னால,” என்றாள் கோமளா.

இன்னும் நடந்து, மறுபடி குனிந்தார்.

“அங்கேயும் முடியாதுங்க.”

அவள் குரலில் வருத்தம் இல்லை. அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. கட்டைகளை மார்போடு அணைத்துக்கொண்டு, அவளுக்கு முதுகைக் காட்டியபடி நின்றுவிட்டார். தோள்கள் குலுங்கின.

கோமளா மெல்ல நடந்து வந்தாள். அவர் கையிலிருந்து ஒரு கட்டையை வாங்கினாள். இருவரும் சேர்ந்து இன்னும் முன்னால் போய், ஆளுக்கொன்றாகப் புல்லில் வைத்தார்கள்.

அவர் பின்னால் போய் வெள்ளையிலிருந்து அடித்தார். அவள் சிவப்பிலிருந்து அடித்தாள். அவள் பந்து உருண்டு உருண்டு போய், அவர் பந்துக்குக் கிட்டத்தில் நின்றது.

“பார்த்தீங்களா?” என்றாள்.

அவர் தலையாட்டினார். அவள் மேட்டில் மெதுவாக ஏறத் தொடங்கினாள்.

திருவேங்கடம் பின்தங்கி மாஸ்டரிடம் தணிந்த குரலில் கேட்டார்.

“அடுத்த மாசம் இன்னும் முன்னால வைக்கணும், இல்லையா?”

“ஆமா சார்.”

“இதுக்கு மேல முன்னால வைக்க இடமே இல்லேன்னு ஒரு நாள் வருமே. அன்னைக்கு என்ன செய்யறது மாஸ்டர்?”

மாஸ்டர் அவர் தோளிலிருந்த கனத்த மட்டைப் பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

“போங்க சார். அம்மா தனியா மேடு ஏறுறாங்க.”