சிவனாண்டி கேட்ட டயர்

போடியிலிருந்து மலைக்குப் போகிற பாதையில், ஏற்றம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் ஜெசிந்தாவின் ஜீப் பட்டறை இருந்தது. மலைப்பாதையில் வண்டி ஓட்டவும் அவர் கற்றுக் கொடுத்தார். கற்றுக்கொள்ள வந்தவர்கள் அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள்.

சிவனாண்டி அவரிடம் சில மாதங்களாகச் சீடர். குருவுக்கு நாற்பது வயது, சீடருக்கு அறுபத்தொன்று. அதில் இருவருக்குமே சங்கடம் இல்லை. கேள்வி கேட்பதில் மட்டும் சிவனாண்டிக்கு வயதே கிடையாது, குடைந்து எடுத்துவிடுவார்.

அன்று காலை ஜீப்பைப் பட்டறைக்குள் விட்டு இறங்கியவர், வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“மாஸ்டர், இதுக்குப் பொருந்துறதுலயே பெரிய டயர் எது?”

ஜெசிந்தா வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். மதுரையில் கொடுத்து, ஸ்பிரிங்கை மாற்றி, வண்டியை நாலு அங்குலம் உயர்த்தி வாங்கி வந்திருந்தார் சிவனாண்டி. உயர்ந்துவிட்ட வண்டிக்கு அடியில் பழைய டயர்கள், வேட்டியை மடித்துக் கட்டிய ஆளின் கால்கள் மாதிரி ஒல்லியாகத் தெரிந்தன.

“எங்க போறதுக்கு?”

“மேல. நம்ம தோட்டத்துக்கு.”

மலையில் ஓர் ஓடைக்கு அப்பால் அவருக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டமும் அதற்குள் ஒரு ஓட்டு வீடும் இருந்தன. வாடகை ஜீப்புகள் ஓடை வரைதான் போகும். அதற்கு மேல் வெறும் பாறை. வருகிற திங்கட்கிழமை அங்கே போய்விடுவது, பிறகு கீழே இறங்குவதே இல்லை என்று அவர் முடிவு செய்திருந்தார். மனைவி சொர்ணம் இறந்து இரண்டு வருடமாகிறது. ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போட்டுக் கொடுத்தே மனிதர் அலுத்துப் போயிருந்தார். நாங்களும் வருகிறோம் என்று மகள் போன் செய்தால், பாதை சரியில்லை, வராதே என்பார். முப்பது வருடத்துக்கு மேல் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஓர் ஆயுசுக்கு வேண்டிய கூட்டத்தைப் பார்த்தாகிவிட்டது என்பது அவர் கட்சி.

“முப்பத்தஞ்சு இஞ்ச் போட்டா பாறையில ஏறிரும்ல?”

“முப்பத்தொண்ணு போட்டாலே ஏறும்.”

“அப்ப அடுத்தவன் வண்டியும் ஏறிருமே, மாஸ்டர்.”

ஜெசிந்தா அவரை நிமிர்ந்து பார்த்தார். சிவனாண்டி விளையாட்டுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை.

“பெரிய டயரைச் சுத்த இஞ்சின் திணறும்ண்ணே.”

“கிரவுன் பினியன் பல்சக்கரத்தை மாத்திக்கிறேன்.”

“பிரேக் பத்தாது.”

“அதையும் மாத்திருவோம். டயரு மட்டும் பெருசா இருக்கட்டும்.”

பதிலைத் தயாராகக் கொண்டு வந்திருப்பவரிடம் வாய் வலிக்கப் பேசி என்ன ஆகப்போகிறது? ஜெசிந்தா உள்ளே போய், அளவு பார்ப்பதற்கென்றே வைத்திருக்கும் பழைய முப்பத்தைந்து அங்குல டயர்கள் நான்கையும் உருட்டி வந்தார். இருவருமாகச் சேர்ந்து மாட்டினார்கள். பட்டறை முற்றத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல்மேடு உண்டு. ஒரு பக்கச் சக்கரம் அதில் ஏறினால் பாறையில் ஏறுகிற மாதிரியே வண்டி சாயும், ஸ்பிரிங் அமுங்கும்.

சிவனாண்டி பின்சக்கரத்தை அதன்மேல் ஏற்றி நிறுத்தினார். ஜெசிந்தா குனிந்து டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரலைக் கொடுத்துப் பார்த்தார்.

“ரெண்டு விரல் இடம் இருக்கு. உரசல.”

சிவனாண்டிக்கு வாயெல்லாம் பல்.

“அப்ப இதே அளவுல புதுசு எடுத்திரலாமா?”

“ஆள் ஏத்திப் பாக்கணும்.”

அது அந்தப் பட்டறையின் வழக்கம். எந்த வண்டிக்கு டயர் மாற்றினாலும் சீட்டு நிறைய ஆள் உட்கார்ந்து கல்மேட்டில் ஏறி இறங்கினால்தான் ஜெசிந்தா சரி என்பார். மணல் மூட்டையை வைத்துப் பார்க்கலாமே என்று யாராவது சொன்னால் கேட்க மாட்டார். மூட்டை வைத்த இடத்தில் கிடக்கும், ஆள் அசையும் என்பார்.

“நாந்தான் தனியாப் போறேனே. எதுக்கு ஆளு?”

“சீட்டு இருக்குல்லண்ணே.”

எதிரே டீக்கடை ஓரத்தில் ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்கள் சிலர் தோட்டத்து ஜீப்புக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். ஜெசிந்தா கை தட்டிக் கூப்பிட்டதும் தூக்குவாளிகளோடு ஓடி வந்தார்கள். அவர்களுக்கு இது பழக்கம்தான். சிவனாண்டி ஜீப்பின் சீட்டுகளில் வாங்கியபோது இருந்த பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்காமல் கிடந்தது. அது வழுக்கியதில் இரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். கடைசியாக வந்தவள் உள்ளே இடமில்லாமல் படியிலேயே நின்றாள்.

“உள்ள தள்ளி உக்காருங்க, உள்ள தள்ளி! அந்தத் தூக்குவாளிய மடியில வையி. படியில நிக்காத தாயி!”

சொன்னது, வண்டியைக் கல்மேட்டிலிருந்து இறக்கிவிட்டு ஸ்டீரிங்கில் உட்கார்ந்திருந்த சிவனாண்டிதான். சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டுப் போனார். ஓய்வு பெற்ற நாளோடு அந்தக் குரல் போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தார்.

“அண்ணே, விசிலு எங்கண்ணே?” என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

வண்டியே சிரித்தது. சிவனாண்டியும் சிரித்துவிட்டார். அந்த வண்டிக்குள் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. எல்லோரும் நெருக்கி உட்கார்ந்ததும், “போலாம் ரைட்!” என்று பெண்களே கத்தினார்கள்.

முன்சீட்டில் உட்கார்ந்திருந்த அம்மாள் திரும்பிப் பார்த்துக் கேட்டாள். “வீட்ல வரலையாண்ணே?”

“இல்ல தாயி. செத்துப் போயிட்டா.”

“அடப் பாவமே.” அவள் தூக்குவாளியை மடியில் சரியாக வைத்துக்கொண்டு, “அப்ப யாரோட போறீங்க?” என்றாள்.

அவர் கியரைப் போட்டார்.

பின்சக்கரம் கல்மேட்டில் பாதி ஏறியிருக்கும். வண்டி சாய்ந்து அமுங்கியது. கர்ரென்று ஒரு சத்தம், கூடவே ரப்பர் தீய்கிற நாற்றம். ஜெசிந்தா கையைக் காட்டி நிறுத்தினார். சிவனாண்டி இறங்கிப் போய்ப் பார்த்தார். டயர் மட்கார்டில் மேலே போய் ஒட்டிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு காகிதம்கூட நுழையாது. வண்டியை இறக்கிப் பார்த்தபோது மட்கார்டின் உள்பக்கம் கறுப்பாகத் தேய்ந்திருந்தது.

“பாறையில இப்படி உரசினா டயர் கிழிஞ்சிரும்” என்றார் ஜெசிந்தா.

அதற்குள் சாலையில் தோட்டத்து ஜீப் வந்து ஹாரன் அடித்தது. பெண்கள் அவசரமாக இறங்கினார்கள்.

“வர்றோம்ண்ணே.”

“அடுத்த வாட்டி விசிலோட வாங்க.”

முன்சீட்டு அம்மாள் கடைசியாக இறங்கினாள். “தனியாப் போறீங்க, பாத்துப் போங்கண்ணே” என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

ஒவ்வொருத்தியாக இறங்க இறங்க வண்டி கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது. தோட்டத்து ஜீப் வளைவில் திரும்பி மறைந்தது. சற்று நேரம் சிரிப்புச் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. முற்றம் வெறிச்சென்று ஆகிவிட்டது. சொர்ணத்தை எடுத்துப் போன அன்று, வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு வீடு இப்படித்தான் இருந்தது. இரண்டு வருடமாக அவர் பயந்து ஓடியது ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்கு அல்ல, அவர்கள் எழுந்து போகிற அந்த நேரத்துக்குத்தான்.

அதை ஒப்புக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. அழுதுவிடுவோமோ என்று பயந்து, மறுபடி வண்டியில் ஏறி, சக்கரத்தைத் திரும்பவும் கல்மேட்டில் ஏற்றினார். இறங்கி வந்து டயருக்கு மேலே கையை நுழைத்தார். இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது.

“பாருங்க மாஸ்டர்” என்றார். “மறுபடி நல்லா உசந்திருச்சு.”

ஜெசிந்தா அவர் பக்கத்தில் வந்து குந்தினார். மட்கார்டையும் பார்த்தார், அவர் முகத்தையும் பார்த்தார்.

“ஆள் இறங்கிப் போனா எந்த வண்டியும் உசரும்ண்ணே.”